நாலு மணிக் கச்சேரி

ஜேர்மனியின் கெல்சென்கிர்ச்சன் நகர மண்டபத்தில் இருநூறு நாற்காலிகள் காலியாகக் கிடந்தன. முன்வரிசையில் கோட்டு சூட்டோடு டெனிஸ்டன் மட்டும் நின்றார். மேடையில் நாலு ஜேர்மன்காரர்கள் பாஞ்சோ என்ற நரம்பு வாத்தியத்தோடு டிஸ்கோ தாளத்தைக் கலந்து, சோகமான அமெரிக்கக் கண்ட்ரி பாட்டு ஒன்றை முழங்கிக்கொண்டிருந்தார்கள்.

ஆட்கள் வரும்வரை பொறுக்கச் சொல்லி அவர் ஜேர்மனில் கெஞ்சிப் பார்த்துவிட்டார். பாடகன் அழைப்பிதழைத்தான் காட்டினான். "நாலு மணி என்று போட்டிருக்கிறதே. ஆறு மணிக்கு நாங்கள் கிளம்ப வேண்டும்."

டெனிஸ்டன் கைத்தொலைபேசியில் மரியரட்ணத்தைப் பிடித்தார்.

"அண்ணை, எங்க நிக்கிறியள்? மணி ஐஞ்சரை!"

"வெளிக்கிட்டுக்கொண்டு நிக்கிறம் தம்பி. மனுசி இன்னும் சீலை கட்டேல்ல."

"இருபது வருசமா இந்த நாட்டில இருக்கிறம். ஒருத்தருக்கும் நேரத்துக்கு வரத் தெரியாதோ? இவங்கள் இப்ப சாமானைக் கட்டிக்கொண்டு போயிடுவாங்கள்!"

பாடகன் மைக்கைப் பிடித்தான். "அடுத்த பாட்டு, இன்று பதினெட்டு வயதாகும் லாராவின் அப்பாவுக்காக!" என்று டெனிஸ்டனை நோக்கிக் கையை நீட்டினான். அவர் வேறு வழியில்லாமல் கைதட்டினார்.

"என்ன தம்பி சத்தம்?"

"உங்களுக்குத்தான் பாட்டாம், அண்ணை! லாராவின்ர தகப்பன் நீங்களோ, நானோ? விழா வைச்ச நீங்களே வீட்டில நிக்கிறியள். விருந்துக்கு வந்த நான் தனிய நிண்டு கைதட்டுறன்!"

மறுமுனையில் மரியரட்ணத்துக்கு உண்மையாகவே கோபம் வந்துவிட்டது.

"அதுக்கு நான் என்ன செய்யிறது? கார்ட்டில நாலு மணி எண்டு போட்டால், நாலு மணிக்கே வாறதோ?"