நிகழ்ச்சி நிரலில் இல்லாத விஷயம்

"டை வேண்டாம், கழட்டு. துக்கம் கேக்கப் போறவன் மாதிரி இருக்கே" என்றாள் கிளெண்டா.

டேரல் கழற்றினான். பென்னட் கிரீக் பள்ளியை நடத்தும் குழுவான ஸ்கூல் போர்டு முழுவதும் சாப்பாட்டுக் கூடத்தில், சின்னப் பிள்ளைகளின் குட்டி பெஞ்சுகளில் முழங்கால் இடிக்க உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது.

"போன வாரம் அந்தப் பொண்ணுகிட்ட என்ன பேசினே?" என்று கேட்டார் மாட்டுப் பண்ணைக்கார வென்டல்.

"பனியைப் பத்தி."

"அதுக்கு முந்தின வாரம்?"

"காத்தைப் பத்தி."

"ஏம்ப்பா, வானிலை அறிக்கை வாசிக்கவா உன்னை அனுப்பினோம்?"

அடுத்த வருஷமும் பிள்ளைகள் எண்ணிக்கை குறைந்தால் மாநில அரசு பள்ளியைப் பூட்டிவிடும். பக்கத்து ஊரான ஆல்டரில் மார்லா என்று ஒரு விதவை, அவளுக்கு நான்கு பிள்ளைகள். இங்கே ஸ்கூல் பஸ் ஓட்டும் டேரலுக்குப் பெரிய வீடு, நாற்பது தாண்டியும் கல்யாணம் ஆகவில்லை.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தது போர்டின் தலைவி கிளெண்டாதான். இதையெல்லாம் நிகழ்ச்சி நிரலில் எழுதி வாசலில் ஒட்ட முடியாது. ஆனாலும் எல்லாரும் கை தூக்கினார்கள். பள்ளியின் சூப்பரின்டெண்டென்ட்தான் கணக்கு வாத்தியாரும். நாலு பிள்ளை சேர்ந்தால் தப்பித்தோம் என்று அவர் சரிபார்த்துச் சொன்னார்.

"இன்னிக்கு வெள்ளிக்கிழமை ஆட்டம் ஆல்டர்லதான். நேரா கேட்டுடு" என்றாள் கிளெண்டா. அவனுக்கு ஷூ லேஸ் கட்டச் சொல்லிக்கொடுத்தவள் அவள்.

"சரி டீச்சர்" என்றான்.

கூடைப்பந்துப் பிள்ளைகளை ஆல்டர் பள்ளியில் இறக்கிவிட்டு டேரல் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தான். அந்தக் குளிரில் இன்ஜினை அணைத்தால் மறுபடி உயிர் வராது.

மார்லாவின் பிக்கப் வண்டி வந்து நின்றது. அவள் பிள்ளைகளோடு பக்கத்துப் பண்ணைகளின் பிள்ளைகளும் நெருக்கியடித்துக்கொண்டு இறங்கி உள்ளே ஓடின. கொஞ்ச நேரத்தில் அவள் இரண்டு கிண்ணம் சில்லிக் கறிக் குழம்பும் இலவங்கப்பட்டை போட்ட இனிப்பு ரோலும் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் ஏறினாள்.

"சூடு ஆறறதுக்குள்ள சாப்பிடுங்க" என்று சொல்லி முதல் சீட்டில் உட்கார்ந்தாள். "ஆமா, இந்த வண்டியை எப்பவாவது பள்ளத்துல விட்டிருக்கீங்களா?"

"இதுவரைக்கும் இல்ல."

"காலையில எழுந்துக்க சோம்பலா இருக்காதா?"

"கோழிக்கு முன்னாடி எழுந்துடுவேன்."

"பின்னாடி பசங்க அடிச்சுக்கிட்டா?"

"கண்ணாடியில ஒரு பார்வை பார்ப்பேன். அடங்கிடுவாங்க."

"எங்க, காட்டுங்க அந்தப் பார்வையை."

காட்டினான். ரோலை வாயில் வைத்திருந்தவள் சிரித்துப் புரையேறிப்போனாள்.

அவனைப் பற்றி இத்தனை கேள்வி யாரும் கேட்டதில்லை. தன்னைத் தெரிந்துகொள்ள ஒருத்திக்கு ஆசை இருக்கிறது என்பது புது உடுப்பு மாதிரி இருந்தது அவனுக்கு. பிடித்திருந்தது, கூச்சமாகவும் இருந்தது.

முதலில் போர்டு சொன்னதற்காகத்தான் வந்தான். எப்போது மாறியது என்று தெரியவில்லை. இப்போதெல்லாம் வாரத்தின் மற்ற நாட்களை வெள்ளிக்கிழமைக்காகவே தள்ளிக்கொண்டிருந்தான்.

அதனால்தான் கேட்க முடியவில்லை. போர்டு அனுப்பியதை மறைத்துவிட்டுக் கேட்டால் அவள் சம்மதிக்கக்கூடும். ஆனால் காலையில் அவள் காபி ஊற்றும்போதெல்லாம், பக்கத்தில் வென்டல் கை தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பது போலவே இருக்கும். உண்மையைச் சொன்னால் அவள் இறங்கிப் போய்விடுவாள். ஊருக்குப் பள்ளிக்கூடம் போகும். அவனுக்கு அவள் போவாள்.

கிண்ணத்தைக் கீழே வைத்தான்.

"மார்லா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். என்னை அனுப்பினது எங்க ஸ்கூல் போர்டு."

அவள் கரண்டி பாதி வழியில் நின்றது.

"உங்க பிள்ளைங்க வந்தா எங்க ஸ்கூல் தப்பிச்சுக்கும். கதவைச் சாத்திக்கிட்டு ஓட்டெடுத்தாங்க. நானும் தலையாட்டிட்டேன்." பனி படிந்த முன்கண்ணாடியைப் பார்த்தே பேசினான், அவள் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை. "ஆனா இப்ப நான் வர்றது அதுக்காக இல்ல. ஸ்கூலையே பூட்டினாலும் வருவேன்."

உள்ளே ஆட்டத்தில் யாரோ பந்தைக் கூடையில் போட்டிருக்க வேண்டும். கூச்சல் எழுந்து அடங்கியது. மார்லா எழுந்தாள். போகிறாள் என்று நினைத்து டேரல் கதவைத் திறக்கும் பிடியில் கை வைத்தான்.

அவள் கிண்ணத்தைப் பின்சீட்டில் வைத்துவிட்டுத் திரும்பவும் உட்கார்ந்தாள். இந்த முறை ஜன்னலோரமாக நகர்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டாள். காது வரை சிவந்திருந்தாள்.

"என்னை அனுப்பினதும் எங்க ஊரு போர்டுதான் டேரல், எங்களுக்கு பஸ் டிரைவர் இல்ல."