யாருடைய துடிப்பு

விரலடியில் ஏதோ துடித்தது.

மேசையில் கிடப்பவருடையதா, தன்னுடையதா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அவருடையது என்றால் தையல் சரி. குடலுக்கு ரத்தம் போகிறது. தன்னுடையது என்றால் குடல் பட்டினி கிடக்கிறது. விடிவதற்குள் கறுத்துவிடும்.

இத்தனை வருடம் கத்தி பிடித்தவளுக்கு இந்தச் சந்தேகம் வரலாமா? வரும். பயந்த விரல் நுனியில் சொந்த நாடியே அடிக்கும். அறுவை மருத்துவர்கள் எல்லோரும் ஒருநாளாவது இதில் ஏமாந்திருப்பார்கள். வெளியே சொல்லமாட்டார்கள்.

மானிட்டரின் கீச்சொலியோடு ஒப்பிட்டாள். தன் நெஞ்சும் அதே வேகத்தில் அடிப்பதுபோல் இருந்தது.

எல்லாம் அந்தக் குழாய் செய்த வேலை. மண்ணீரலுக்குப் போகும் ரத்தக்குழாய் மற்றவர்களுக்கு மேலே தனியாகப் பிரியும். மேசையில் கிடக்கும் லாரி ஓட்டுநர் மாசிலாமணிக்கு அது கீழே, குடலுக்குப் போகும் குழாயிலிருந்து கிளைத்திருந்தது. ஊரோடு ஒத்து வாழத் தெரியாத குழாய். கிளைத்த இடத்திலேயே எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். விட்டுவைத்தால் ஒருநாள் வெடிக்கும்.

ஸ்கேன் படத்தில் பார்த்தபோது புரிந்ததுபோல்தான் இருந்தது. வயிற்றைத் திறந்ததும் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல் ஆகிவிட்டது. கை பழகிய இடத்துக்கே போனது.

அங்கே ஒன்றும் இல்லை.

ஒருவழியாக வீக்கத்தை வெட்டி எடுத்து, குடலுக்குப் போகும் குழாயில் விழுந்த ஓட்டையைத் தைத்தாள். ரத்தத்தை நிறுத்தியிருந்த இடுக்கியை விடுவித்தாள்.

குடல் வெளுப்பா, சிவப்பா? விளக்கு வெளிச்சத்தில் இரண்டுமாகத் தெரிந்தது.

"அருளு, நீ தொட்டுப் பாரும்மா. எனக்குத் தெரியல."

உதவிக்கு நின்ற இளம் மருத்துவர் அருளரசி தொட்டாள். இருக்கிறது என்றாள். உடனே, இருக்கிற மாதிரி இருக்கிறது என்றாள்.

தையலைப் பிரித்து மறுபடி போடலாம். குழாயின் சுவரோ நனைந்த காகிதமாக இருந்தது. இன்னொரு ஊசி தாங்குமா? கிழிந்தால் மேசையிலேயே போய்விடுவார்.

அவளுக்குப் பயமாக இருந்தது.

மயக்க மருந்து ஏறும்முன் அவர் கேட்டது ஏனோ நினைவுக்கு வந்தது.

"எப்பம்மா சோறு தருவிய? கொலப் பசி."

எழுந்ததும் தருவோம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தாள்.

விரலை எடுத்தாள். குடலை மெல்லச் சுண்டினாள். ரத்தம் ஓடினால் அது நெளியும். காத்திருந்தாள்.

ஒன்றுமில்லை.

பிறகு சுண்டிய இடத்தில் ஒரு சுருக்கம் எழுந்தது. நகர்ந்தது. அடுத்த வளைவுக்குப் போனது. பின்னாலேயே இன்னொன்று, யாரும் தொடாமலே. வெளுப்பு கொஞ்சம் கொஞ்சமாக விலகியது.

அருளரசி மூச்சு விட்டது முகமூடியைத் தாண்டிக் கேட்டது.

வயிற்றை மூட இவள் நூல் கேட்டாள்.

மூன்று நாளைக்கு அவருக்குத் தண்ணீர்கூடக் கிடையாது. அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்றுதான் இப்போது அவளுக்கு விளங்கவில்லை.