மண் கொட்டினவன்

"கையை எடு! அந்தக் கன்றைத் தொடாதே!"

தையல்காரி போட்ட சத்தத்தில், சதுப்புக் கரையில் குழி தோண்டிக்கொண்டிருந்த தெருக்காரர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

மருதங்கன்றும் கையுமாக லாரிக்காரன் அப்படியே நின்றான்.

தெருத் தண்ணீர் சதுப்புக்குள் இறங்குகிற பள்ளத்தில் லாரி லாரியாக மண்ணைக் கொட்டி மேடாக்கியவன் அவன்தான். போன மழையில், போக வழியில்லாத தண்ணீர் வீடுகளுக்குள் திரும்பியது. தைத்த துணியைக் கொடுத்துவிட்டுத் தையல்காரி ஓடிவருவதற்குள், பாயில் தூங்கிக்கொண்டிருந்த அவள் மகள் பிணமாகிவிட்டாள்.

அதற்கப்புறம்தான் தெருவே திரண்டு மண்ணை அள்ளியது. முன்பு அங்கே நின்ற மருதும் புங்கையும் மறுபடி நிற்கட்டும் என்று கன்றுகளைத் தேடிக் கொண்டுவந்தார்கள். தையல்காரியும் அவள் கணவனும்தான் முதல் ஆளாக மண்வெட்டி எடுத்தார்கள்.

"எந்த முகத்தை வச்சுக்கிட்டு இங்க வந்தே?"

"ஏதோ என்னால ஆனது, அக்கா..."

"அக்காவாம் அக்கா! என் புள்ளையை முழுங்கிட்டு மரம் நட வந்துட்டான்!"

பால்காரர் குறுக்கே வந்தார். "இரும்மா. ஏம்ப்பா, எவனாவது சொல்லாம நீ மண்ணு கொட்டியிருக்க மாட்டே. யாரு அது? அந்த ஆளைக் காட்டிட்டுப் போ."

லாரிக்காரன் ஒருமுறை எல்லோர் முகத்தையும் பார்த்தான். பிறகு தலையைக் குனிந்துகொண்டான்.

"யாரும் சொல்லலைங்க. கொட்ட வேற இடம் கிடைக்கல. நானாத்தான் கொட்டினேன்."

தையல்காரி சேற்றை வாரி அவன் முகத்தில் அடித்தாள்.

அவன் துடைக்கக்கூட இல்லை. கன்றை அலுங்காமல் கீழே வைத்துவிட்டு நடையைக் கட்டினான்.

"பாருங்க, எப்படிக் கல்லு மாதிரி போறான்னு!" அவள் கணவன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஒரு வார்த்தை கேட்டீங்களா? பெத்த அப்பன்தானே நீங்க?"

கணவன் தோண்டின குழிக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டான்.

"அவனைத் திட்டாதே. கொசு பிடுங்குது, பாப்பாவுக்குக் காய்ச்சல் மேல காய்ச்சலா வருது, அந்தப் பள்ளத்தை மூடிக் குடுன்னு அவன் கால்ல விழாத குறையாக் கெஞ்சினவன் நான்தான்."