மேற்கே மேகம்

"நேயர்களே, மேற்கே மேகம் கூடுது!" என்று கிரிக்கெட் வர்ணனையாளர் மைக்கில் சொன்னார். வானொலிக்குப் புதிதாக வந்திருந்த மேலாளர் வெளியே எட்டிப் பார்த்தார். வெயில் மண்டையைப் பிளந்தது. சொல்லி வைத்தாற்போல் உள்ளூர் அணி தோற்றது.

மேலாளர் அறைக்கதவைச் சாத்தினார்.

"அண்ணே, பழைய பதிவெல்லாம் கேட்டுட்டேன். நீங்க மேகம்னா நம்ம டீம் தோக்குது. பந்தயக்காரனுக்கு சிக்னலா? மறைச்சா வேலை போயிடும்."

"சிக்னல்தான், பொண்டாட்டிக்கு. தோத்துடுவானுங்கன்னு மைக்குல சொன்னா ஊரே உதைக்கும். கடுப்போட வர்றேன், வாயைக் குடுக்காதேன்னு அவளுக்கு மட்டும் சொல்றது."

"காதுல பூ சுத்தாதீங்க. அண்ணிக்குப் போன் போடவா?"

"போடுங்க. மணி அடிக்கும், எடுக்கத்தான் ஆளில்ல."

"வெளியூர் போயிருக்காங்களா?"

"போன வருஷமே போய்ச் சேர்ந்துட்டா."

"அப்போ இன்னிக்கு யாருக்குச் சொன்னீங்க?"

"அவளுக்குத்தான்."