அறை வாடகைக்கு

"அறை வாடகைக்கு உண்டு. அயர்லாந்துக்காரர் கதவைத் தட்ட வேண்டாம்."

அப்படி எழுதிய அட்டைப் பலகையை யோகராஜா தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தார்.

"இதை எழுதினது நான்தான். ஆனா இந்த மாதிரிப் பலகையள் ஒருகாலத்திலை லண்டன் வீட்டு வாசல்களிலை தொங்கினது," என்றார்.

வட லண்டன் ஆர்ச்வேயில் ஈழத்தமிழர் இலக்கிய வட்டத்தின் ஞாயிறு மாலைக் கூட்டம். முப்பது பேர் இருந்தார்கள். அயர்லாந்து எழுத்தாளர்கள் பற்றி அவர் பேச வேண்டும். பேசவில்லை, கொதித்தார்.

"சின்னத் தீவு. இலக்கிய நோபல் மட்டும் நாலு. நாவலை உடைச்சுத் திரும்பக் கட்டினதே அவைதான். அந்தச் சனத்துக்குப் படுக்க ஒரு அறை குடுக்க இங்கிலீசுக்காரருக்கு மனமில்லை. அதே சனம் எழுதிப் பேரெடுத்த பிறகு, எங்கடை எழுத்தாளர் எண்டு பாடப்புத்தகத்திலை போட்டுக்கொண்டாங்கள். வெக்கம் வேண்டாமோ?"

பலகையை இறக்கி மார்போடு பிடித்துக்கொண்டார்.

"எண்பத்தஞ்சிலை, நான் இஞ்சை வந்த புதுசிலை, எனக்கும் நாலு வீட்டிலை கதவைச் சாத்தினவங்கள். இண்டைக்கும் வயிறு எரியுது."

கைதட்டல் எழுந்தது. இரண்டாம் வரிசையில் இருந்த துஷ்யாதான் பலமாகத் தட்டினாள். மருத்துவமனையில் தாதி வேலை. ஷிப்ட் முடிந்த நேரங்களில் எழுதிய மூன்று கதைகள் வட்டத்தின் சஞ்சிகையில் வந்திருந்தன.

யோகராஜா அவளைக் கைகாட்டினார். "இந்தா இருக்கிறா துஷ்யா. இவ எங்கடை எழுத்தாளர். இவவை நாங்கள் தலையிலை தூக்கி வைக்க வேணும்."

பலகையை மேடை நாற்காலியில் சாய்த்துவிட்டுத் தேநீருக்கு வந்தார். துஷ்யா தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனாள்.

"அண்ணை, நான் இருக்கிற வீட்டை வீட்டுக்காரர் விக்கினம். வெள்ளிக்கிழமைக்குள்ளை வெளிக்கிட வேணும். உங்கடை மேல் அறை சும்மா கிடக்கெண்டு எங்கடை வட்டத்துப் பெர்னடெற் அக்கா சொன்னா."

"ஓம் தங்கச்சி, ரெண்டு மாசமாச் சும்மாதான் கிடக்கு. கன பேர் வந்து கேட்டவை. ஒருத்தரும் சரிவரேல்லை." கோட்டுப் பையிலிருந்து சாவியை எடுத்தார். "உம்மடை வேலைக்கு நடந்தே போகலாம். இண்டைக்கே சாமானைக் கொண்டு வாரும்."

மூன்று வாரமாக வீடு வீடாக அலைந்தவள் அவள். கண் கலங்கிவிட்டது. கையை நீட்டினாள்.

சாவி இன்னும் அவர் விரலில்தான் இருந்தது.

"அது சரி, ஊரிலை எவடம்?"

சொன்னாள்.

"அட, என்ரை மச்சாள் கலியாணம் முடிச்ச ஊர். அதிலை பிள்ளையார் கோயிலுக்கு எந்தப் பக்கம்?"

சாதி என்ற சொல்லை வாயில் எடுக்காமலே சாதி கேட்கும் வழி அது. கடல் தாண்டி வந்தும் நம்மவர்கள் மறக்காத கேள்வி. துஷ்யாவுக்கும் அது புதிதல்ல. பொய் சொல்லியிருக்கலாம். அவளுக்கு மனம் வரவில்லை.

"கோயிலுக்குப் பின்னாலை, குளத்தடி."

யோகராஜா தேநீரை ஒரு மிடறு குடித்தார். சாவி மெல்லக் கோட்டுப் பைக்குள் போனது.

"மறந்துபோனன், பாருங்கோ. என்ரை மனுசி நேற்று அந்த அறையை ஆருக்கோ சொல்லிப்போட்டாவாம்."

இந்த முறை 'தங்கச்சி' வரவில்லை. கோப்பையை அப்படியே வைத்துவிட்டு அவர் வாசலைப் பார்த்து நடந்தார்.

சற்று முன் கைதட்டிய உள்ளங்கை துஷ்யாவுக்கு இன்னும் சிவந்திருந்தது. அதைப் பார்க்க அவளுக்கே ஆத்திரமாக வந்தது. விறுவிறென்று மேடைக்குப் போனாள். நாற்காலியில் சாய்த்து வைத்திருந்ததை எடுத்துக்கொண்டு வாசலில் அவரை மறித்தாள். அவர் கையில் அதைத் திணித்தாள்.

"அண்ணை, உங்கடை வீட்டு வாசல் பலகையை விட்டிட்டுப் போறியள்."