ஸ்பீக்கர் டெஸ்ட்

“என் போன் ரெடியா தம்பி?” என்று கேட்டபடி கடைக்குள் வந்தார் வேன் டிரைவர்.

“ரெடிண்ணே. ஸ்பீக்கர் டெஸ்ட் ஓடுது, இருபது நிமிஷம் பொறுங்க” என்றான் செல்போன் மெக்கானிக்.

மேசையில் வரிசையாகப் பதினான்கு போன்கள். எல்லாவற்றிலும் ஒரே நேரலைக் கச்சேரி. வயலின் கீச்சிட்டது. யாரோ பியானோவின் கம்பியைச் சுரண்டினார்கள்.

“ஸ்பீக்கர் இன்னும் சரியாகலையே!”

“மியூசிக்கே அப்படித்தாண்ணே. புது மாதிரி.”

“இந்தக் கர்ண கடூரத்தை யாருய்யா காது குடுத்துக் கேப்பாங்க?”

“பதினாலு பேர் கேக்கறாங்க. ஓரத்துல போட்டிருக்கு பாருங்க.”

டிரைவர் திரையைப் பார்த்தார். பிறகு மேசையை ஒருமுறை எண்ணினார்.

“யோவ்! அந்தப் பதினாலு பேரும் இவங்கதானா?”

மெக்கானிக் தலையைச் சொறிந்தான். “இந்தக் கச்சேரிக்குச் சிறப்பு விருந்தினரே என் சம்சாரம்தாண்ணே. இசை அவ எழுதினது. யாருமே கேக்கலைன்னா ஒடிஞ்சு போயிடுவா.”

“நல்ல புருஷன்யா நீ!” டிரைவர் சிரித்துக்கொண்டே, பாடிக்கொண்டிருந்த தன் போனை எடுத்துக்கொண்டு வெளியேறினார்.

கச்சேரி முடிந்ததும் மனைவி அழைத்தாள்.

“ஏங்க, கடைசி வரைக்கும் பதினாலு பேர்! ஒருத்தர் கமெண்ட்கூட போட்டிருக்காரு.”

“பதினாலா?” மேசையில் இருந்தவை பதின்மூன்றுதான். “என்ன கமெண்ட்?”

“‘முதல்ல ஸ்பீக்கர் போச்சுன்னு நெனச்சேன். இப்போ வண்டிய எடுக்க மனசு வரல’ன்னு எழுதியிருக்காரு.”

மெக்கானிக் எட்டிப் பார்த்தான். வேன் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தது.