நுஹாவின் தொப்பி

இருபது வருடமாகப் பிள்ளைகளின் மூளை வளர்ச்சியை ஆராயும் டொக்டர் ஸில்மியாவுக்கு ஒரே எதிரி தேங்காயெண்ணெய்தான். தலையில் எண்ணெய் இருந்தால் மூளையின் மின்னலைகளைப் பதியும் தொப்பி வழுக்கிவிடும்.

"எண்ணெ வைக்காமக் கூட்டி வாங்க எண்டு சொன்னேனே?"

"வறண்ட தலையோட புள்ளயக் கொண்டுவந்தா ஊரு என்னத்தச் சொல்லும், டொக்டர்?" என்பார்கள் தாய்மார்.

ஸில்மியாவின் மகள் நுஹா நாலு வயதில் வாவியில் மூழ்கி மௌத்தாகி ஐந்து வருடம். அவளுக்குப் போட்ட தொப்பியை ஸில்மியா அலுமாரியில் பூட்டியே வைத்திருக்கிறார். ஒவ்வொரு பிறந்தநாளிலும் திறந்து பார்ப்பார். உள்ளே புதிதாக எண்ணெய்ப் பிசுக்கு இருக்கும். கழுவிக் காயவைப்பார்.

இந்த வருடம் தையலும் பிரிந்திருந்தது.

"இது ஆருட தல, டொக்டர்? நல்லாத்தான் பெருத்திருக்கு!" என்று பகிடி விட்டாள், வேலைக்குப் புதிதாக வந்த பஹீமா.

"ஓம், ஒம்பது வயசாச்சே" என்ற ஸில்மியா, அடுத்த அளவுத் தொப்பியை எடுத்து அலுமாரிக்குள் கொழுவினார்.